மெழுகு முட்டையும் மஞ்சள் திரியும்

என் அண்ணியோடு பேச வேண்டுமென்றால் முதலில் அவள் எந்த உலகத்தில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பு இதே வீட்டில், அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில்தான் இருக்கும். ஆள் இருக்க மாட்டாள். ஒரு தடவை கூப்பிட்டால் காற்றோடு போகும். மறுபடி கூப்பிட்டால் "ம்" என்று ஒன்று வரும். அதற்கும் அடுத்த தடவைதான் கண் திரும்பும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி வந்த புண்ணியவதி அவள். ஏன் என்று கேட்டதற்கு, "ஜன்னல் நல்லா இருந்துச்சு" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் என் அண்ணன். எங்கள் ஊர் குளிர் ஊர். வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்கு வீடு இரும்பு அடுப்பு எரிந்தாக வேண்டும். அடுப்புக் கதவு தொங்கினாலும், புகைபோக்கி அடைத்துக்கொண்டாலும் எல்லோரும் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். கை கெட்டி, மூக்குக்கு மேல் கோபம். நான் அவனுக்கு ஒரே தங்கை. அதே வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறேன். அண்ணனுக்கும் எனக்கும் வாய் மட்டும் ஒரே அச்சு. நடுவில் அண்ணி மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டவள்.

அவளுக்கு ஒரு ஓட்டலின் சலவை அறையில் வேலை. விருந்தாளிகளின் படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை எல்லாம் துவைத்து, பெரிய உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் வலையில், ஒவ்வொரு தடவையும் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு ஒரு மெல்லிய மெத்தையாகப் படிந்திருக்கும். மற்றவர்கள் அதை உரித்துக் குப்பையில் போடுவார்கள். அண்ணி பைக்குள் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பஞ்சை மடியில் கொட்டி, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிரிப்பாள். பருத்திப் பஞ்சு ஒரு பக்கம், நைலான் கலந்தது இன்னொரு பக்கம். நைலான் எரிந்தால் உருகும், நாறும். ஆகவே அது ஆகாது. பிரிக்கிற சாக்கில் அவளுக்கு ஒரு பயணம் ஆரம்பித்துவிடும்.

"இந்த நீலம் பாரேன். சின்னக் குழந்தையோட போர்வை. ஜன்னல்கிட்ட படுத்திருக்கும். எழுந்ததும் கடலைப் பாத்திருக்கும்."

"நம்ம ஊர்ல ஏது அண்ணி கடல்? பஸ்ல அரை நாள் போகணும்."

"தூக்கம் கலையாமலே பாத்திருக்கும்" என்பாள். 

பஞ்சு எல்லாம் மெழுகு முட்டைக்குத்தான். எங்கள் வீட்டில் அதற்கு அப்படித்தான் பெயர். அடுப்பில் ஈர விறகு சட்டென்று பற்றாது. பற்ற வைக்க ஒன்று வேண்டும். அண்ணி முட்டை வரும் அட்டைத் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் பஞ்சைத் தளர்வாக நிரப்புவாள். கொஞ்சம் மரத்தூள். நடுவில் ஒரு பழைய பருத்தித் துணியின் நாடாவைத் திரியாக நிறுத்துவாள், நுனி வெளியே தெரிகிற மாதிரி. அப்புறம் மெழுகு. ஓட்டல் மேஜைகளில் எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைப்பாள். மெழுகை நேராக நெருப்பில் வைக்கக் கூடாது, வீட்டுக்குள் உருக்கவும் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். அதனால் கொல்லைப்புறத்தில்தான் அந்தக் காரியம் நடக்கும். சிவப்பும் வெள்ளையும் பச்சையும் மெல்லக் கரைந்து ஒன்றோடொன்று கலப்பதைப் பார்த்தபடி அண்ணி நிற்பாள். ஆவி முகத்தில் அடிக்கும். ஏதோ ஒரு வாசனை மெழுகு உருகினால் கொல்லை முழுவதும் யாரோ முன்பின் தெரியாதவர் விட்டுப்போன தோட்டம் போல மணக்கும். மெழுகை ஊற்றி, ஆறவிட்டு, குழி குழியாகக் கிழித்தால் முட்டை தயார். திரியில் நெருப்பை வைத்தால் விறகு பற்றும் வரை நின்று எரியும். தெருவில் பாதி வீட்டுக்கு அண்ணி கொடுத்ததுதான்.

இவர்கள் இருவருக்கும் ஒரே பெண். வாய் ஓயாது, கால் ஓரிடத்தில் நிற்காது, ஆகவே சிட்டு. படித்தாள். அண்ணன் யார் யாரையோ பிடித்து அவளுக்கு ஓர் அலுவலகத்தில் நாற்காலி வாங்கிக் கொடுத்தான். ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு நாள், சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாள். அண்ணனுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டான். அப்படிப்பட்டவன் பெண் நடுக்கடலில் சோறு வடிக்கப் போகிறேன் என்றால்?

"போனா போனதுதான். இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்றான்.

அவளும் அவன் மகள்தானே. "சரிப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். அண்ணன் அன்றைக்கு முழுக்கக் குதித்தான். கடைசியில் அண்ணி முன்னால் வந்து நின்று, "அவ பீரோவைக் காலி பண்ணு. ஒரு துணி மிச்சம் இருக்கக் கூடாது. எரிச்சாலும் சரி" என்றான்.

அண்ணி "ம்" என்றாள். கேட்டுத்தான் சொன்னாளா, கேட்காமலே சொன்னாளா, எனக்கு விளங்கவில்லை.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. அந்தக் குளிருக்கான முதல் தட்டு முட்டையை அண்ணி கொல்லையில் ஆற வைத்திருந்தாள். எதேச்சையாகப் பார்த்தேன். குழிக்குக் குழி மஞ்சள் திரி. மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. அந்தத் துணியை எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் சிட்டுவுக்காக நான் என் கையால் வெட்டித் தைத்த கவுன். அடுத்த தட்டில் நீலக் கோடு, அது அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை.

"அண்ணி, என்ன இது!" என்று கத்திவிட்டேன்.

"எரிச்சாலும் சரின்னாரே" என்றாள் அண்ணி. முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. மெழுகில் ஒட்டிய ஒரு தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவது அண்ணன் மட்டும்தான். வேறு யாரும் தொட்டால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல். காலையில் அண்ணி முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்து வந்து மூட்டுவான். அண்ணி அந்த முட்டைகளை ஒரு தகர டின்னில் போட்டு அடுப்பருகில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து டின்னைத் திறந்து பார்ப்பாள். ஒன்று குறைந்திருக்கும். மூடி வைப்பாள். மறுநாளும் ஒன்று குறையும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் வீட்டில் புகை ஆரம்பித்தது. காலையானால் வீடு முழுக்கப் புகை. கண் எரியும், மூக்கு ஒழுகும், வாடிக்கையாளர் துணியெல்லாம் கருவாடாக நாறும். அண்ணன் விறகு ஈரம் என்றான், காற்று எதிர்க்காற்று என்றான். புகைபோக்கியில் ஏறி இறங்கினான். எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் ஜன்னலைத் திறந்துகொண்டு, "ஊர்ல நீங்க ரிப்பேர் பண்ண அடுப்பெல்லாம் ஒழுங்கா எரியுது. உங்க வீட்டுல மட்டும் என்ன, புது மாடலா?" என்று கேட்டார். அண்ணன் அவரை முறைத்த முறைப்பில் அவர் ஜன்னல் இரண்டு நாள் திறக்கவில்லை.

சிட்டு எப்போதாவது என் போனுக்குத்தான் பேசுவாள். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியிடம் கொடுப்பேன். அண்ணி அதிகம் பேச மாட்டாள். "அங்க இப்ப வானம் என்ன நிறம்?" என்று கேட்பாள். மகள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணி மனசால் அந்தக் கப்பலில் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வர நேரமாகும். போன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் காதிலிருந்து கையை எடுப்பாள்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது சிட்டுவிடமிருந்து போன் வந்தது. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"அத்தை, அடுத்த வாரம் கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வருது. சரக்கு ஏத்தற வரைக்கும் நிப்போம். அப்பா என்னை உள்ள விடுவாரா? பாத்துச் சொல்லுங்க. வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போக என்னால முடியாது அத்தை. அதுக்கு வராமலே இருந்துடறேன்."

இதை அண்ணியிடம் சொன்னால் பறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தகர டின்னைத் திறந்து உள்ளே பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"வர வேண்டாம்னு சொல்லிடு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா அண்ணி சொல்றீங்க?"

"ஒரு நாளாவது நிறுத்துவார்னு பாத்தேன். இந்த மஞ்சளைக் கைல எடுத்தா, இது எது, யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேப்பார், அப்போ நான் சொல்லலாம்னு இருந்தேன். தினம் ஒண்ணு. ஒரு நாள்கூடத் தப்பாம எரிச்சிருக்கார். அந்த மனசு இருக்கற வீட்டுக்கு அவ எதுக்கு வரணும்? வாசல்ல நிக்க வச்சா என்னால தாங்க முடியாது."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கனவில் நடப்பவள் என்று நாங்கள் கேலி செய்த பெண், ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு டின்னுக்குள் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு வந்த துக்கம் அப்படியே கோபமாக மாறியது. எங்கள் குடும்பத்தில் எதுவும் கடைசியில் கோபமாகத்தான் மாறும்.

அண்ணனுடைய பட்டறை கொல்லைப்புறத்துக் கொட்டகையில். மறுநாள் மத்தியானம், கையில் பிடித்த கத்தரிக்கோலோடு போய்க் கதவைத் தள்ளினேன். வாயில் ஒரு வண்டி வசவு தயாராக வைத்திருந்தேன்.

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முன்னால் சின்ன அடுப்பு, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் ஒரு டப்பா. டப்பாவில் மெழுகு முட்டை ஒன்று இளகிக்கொண்டிருந்தது. அடுப்புக் கதவின் திருகாணியைக் கழற்றுகிற குறட்டால் அதிலிருந்து ஒரு மஞ்சள் நாடாவை, அறுந்துவிடாமல், மெல்ல மெல்ல உருவி எடுத்துக்கொண்டிருந்தான். கத்தரிக்கோலை மெல்லக் கீழே இறக்கினேன்.

பட்டறை மேஜையில் இருந்த சாமான்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த நாடாக்களைப் பரப்பி வைத்திருந்தான். மஞ்சள் ஒரு வரிசை, நீலக் கோடு ஒரு வரிசை. கழுவிக் காயவைத்து, கையால் நீவி நீவி நேராக்கியது தெரிந்தது. மூலையில், திரி பிடுங்கப்பட்ட மொட்டை முட்டைகள் குவிந்து கிடந்தன.

என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் மேஜையை மறைக்கப் பார்த்தான். அவ்வளவு பெரிய மேஜையை இரண்டு கையால் எங்கே மறைப்பது?

"கதவைத் தட்டிட்டு வர மாட்டியா?"

"அப்போ தினம் அடுப்பை எதால மூட்டற?"

"பேப்பரால."

அட, பாவி மனுஷா. அதுதான் அந்தப் புகை. ஊருக்கெல்லாம் அடுப்பு எரிய வைக்கிறவன், நனைந்த விறகுக்குக் காகிதத்தைத் திணித்து, வீட்டையே புகை மூட்டமாக்கி, பழியைக் காற்றின்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அண்ணன் நாடாக்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "இதைத் திரும்பத் தைக்க முடியுமா?"

"எதை?"

"அவ சட்டையைத்தான். துண்டு எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட எரிக்கல. எது எதோட சேரும்னுதான் எனக்குத் தெரியல. வச்சு வச்சுப் பாத்துட்டேன். சோப்புப் போட்டும் இந்த வழவழப்புப் போகமாட்டேங்குது."

"துரத்தினவன் நீதானே அண்ணா?"

"துரத்தலடி. பயமுறுத்தினேன். பயந்து நின்னுடுவான்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அவ எங்க பயந்தா? நான்தான் பயந்துட்டே கிடக்கேன். தகரத்துல காத்தடிச்சா எனக்குக் கப்பல் கவிழற மாதிரியே கேக்குது."

நான் ஒரு நாடாவை எடுத்துப் பார்த்தேன். தையல்காரியின் விரல் சும்மா இருக்காது. எத்தனையோ தடவை துவைத்த கவுன் அது, வெளுத்துப் போயிருக்க வேண்டும். இந்த நாடாவின் மஞ்சளோ கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல் இருந்தது. நடுவில் நெடுக ஒரு மடிப்புத் தடம், ஓரத்தில் என் ஊசி போட்ட ஓட்டை. புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லிவிட நாக்குத் துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். இது நான் சொல்ல வேண்டியது இல்லை.

"உன் பொண்டாட்டிகிட்டக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அண்ணி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் நாடாக்களை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு வந்து அவள் மடியில் கொட்டினான். அண்ணி குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். அப்புறம் இன்னொன்று.

"எரிக்கலையா?"

"எரிக்க முடியலை."

"தினம் ஒண்ணு குறைஞ்சுதே."

"எடுத்து வச்சுக்கிட்டேன்" என்றான் அண்ணன். எங்கோ பார்த்துக்கொண்டு, "தங்கச்சி நினைச்சா தைச்சிடுவா. நீ கொஞ்சம் சொல்லு" என்றான்.

அண்ணி எழுந்து போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்து திறந்தாள். மஞ்சள் கவுன் மேலேயே இருந்தது, முழுசாக. கீழே நீலக் கோட்டுச் சட்டை. அதற்கும் கீழே சிட்டு விட்டுப்போன அத்தனையும்.

"வளர்ற பிள்ளைன்னு உங்க தங்கச்சி உள்ள தாராளமா மடிச்சுத் தைச்சிருந்தாளே, அந்த மடிப்பை மட்டும்தான் வெட்டினேன்" என்றாள் அண்ணி. "அவதான் வளர்ந்துட்டாளே. இனிமே அதைப் பிரிச்சு விட வேண்டியதில்லை. நீங்க எரிக்கறதுக்கு அது போதும்னு நெனச்சேன்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லைங்களே."

என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட யாரையோ திட்டிக்கொண்டுதான் நின்றான். அன்றைக்கு அந்த மஞ்சள் கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அண்ணி அவன் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அப்போதுதான் கப்பல் வருகிற விஷயத்தைச் சொன்னேன். சிட்டு கேட்டதையும், வாசலில் நிற்க முடியாது என்று சொன்னதையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"போன் போட்டுத் தரேன், வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

"வேண்டாம். பேசினா திட்டிடுவேன்" என்றான். கவுனை மடித்துக்கொண்டே, "அவ எதுக்கு வாசல்ல நிக்கணும்?" என்றான்.

சிட்டுவிடம் நானும் அவள் அம்மாவும் துறைமுகத்துக்கு வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் வெள்ளைப் பனி, சாலையோர மரமெல்லாம் தூக்கத்தில் நிற்பதுபோல் நின்றன. அண்ணி கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. கடல் வாசனை வந்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

கப்பல் எங்கள் தெருவைவிட உயரமாக இருந்தது. சுவர் மாதிரி நிமிர்ந்து நின்ற அந்த இரும்புக்கு ஒரு பக்கத்தில் குறுகலான படி ஒன்று தொங்கியது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கருத்த தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே, சமையல் ஏப்ரனோடு சிட்டு நின்றாள். எங்களைப் பார்த்துக் கை தூக்கினாள். அண்ணனைப் பார்த்ததும் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் குடும்பத்தின் வாய்க்கு என்ன வந்தது என்று நான் பதறினேன். அண்ணன் படியின் முதல் கட்டைக்கு முன்னால் போய் நின்றான். காலை வைக்கவில்லை. தலையைத் தூக்கி, பட்டறையில் கூப்பிடுகிற பெரிய குரலில் இல்லாமல், அந்நியர் வீட்டுக் கதவில் நின்று கேட்பவனைப் போலக் கேட்டான்.

"நான் மேல வரலாமாம்மா?"

சிட்டு ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். "வாங்கப்பா" என்றாள். "படி வழுக்கும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

ஏறினான். பாதியில் கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டு நின்றான். கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். சிட்டு கடகடவென்று பாதி தூரம் இறங்கி வந்து கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டதும், என் பக்கத்தில் நின்ற அண்ணி, அந்தக் குளிர்காலம் முழுவதும் அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள்.